ஓடும் வண்டி நிற்கிறது: கரண்டா, டீசலா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன: ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டி வழியில் நின்றுவிடுகிறது, காரணம் பிடிபடவில்லை, பணம் மட்டும் செலவாகிறது. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்து, இவற்றுக்கே இடம் தருகிறோம்.

கேள்வி: இராமேஸ்வரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் சிறிய லோடு வண்டி வைத்திருக்கிறேன். காமன் ரெயில் டீசல் இன்ஜின் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிகுந்த அழுத்தத்தில் டீசல் போகும் வகை). சில மாதங்களாக, ஓடும்போதே சாவியை அணைத்ததுபோல் வண்டி நின்றுவிடுகிறது. சில வேளை உடனே ஸ்டார்ட் ஆகிறது. சில வேளை கால் மணி நேரம் கழித்துத்தான் ஆகிறது. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று, பேட்டரியும் மாற்றியாயிற்று. இப்போது ஹை பிரஷர் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அனுப்பலாமா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். வண்டி "சாவியை அணைத்ததுபோல்" நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். டீசல் கிடைக்காமல் நிற்கும் இன்ஜின் பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. முதலில் இழுவை குறையும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாது, இன்ஜின் ஏறி இறங்கி ஓடும், விக்கும், அதன் பிறகுதான் நிற்கும். லோடோடு பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் போகும்போது இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் அப்போதுதான் இன்ஜின் மிகுதியாக டீசல் கேட்கிறது. ஏற்றமானாலும் சமதளமானாலும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த முன்னறிவிப்பும் இன்றி ஒரே நொடியில் நிற்கிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரப் பக்கத்தை. இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பம்பைக் கழற்றும் செலவுக்கு முன்னால் செலவே இல்லாத இந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவதுதான் முறை.

அடுத்த முறை வண்டி நிற்கும்போது, அதைப் பத்திரமாக ஓரங்கட்டிய பின், பானெட்டைத் திறக்காமல் இருக்கையில் இருந்தபடியே சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரியவே இல்லை என்றால் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டருக்குக் கரண்டே போய்ச் சேரவில்லை. ஃபியூஸ், மெயின் ரிலே (கம்ப்யூட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), சாவி சுவிட்ச், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஆகிய நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். விளக்கு எரிகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் பூஜ்யத்திலேயே அசையாமல் கிடக்கிறது என்றால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கிராங்க் சென்சாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். விளக்கும் எரிந்து, முள்ளும் 200, 250 வரை எழும்பி, அப்படியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்தான் டீசல் பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் வண்டியில் அந்த முள் இல்லையென்றால், செல்போனோடு இணைக்கிற சிறிய ஸ்கேனரில் அதே எண்ணைப் பார்க்கலாம். இன்னொருவரைச் சைலன்சர் அருகே நிறுத்தி, செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே வராவிட்டால் டீசல் உள்ளே தெளிக்கப்படவில்லை. இவ்வளவையும் வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். அது மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் விட்டால், எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் ஊகத்தின் பேரில்தான் வேலை செய்ய முடியும்.

உங்கள் தொழிலை வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதல் சந்தேகம் எர்த் மீது. மீன் பெட்டிகளில் உருகும் ஐஸ், மீனின் உப்பையும் கழிவையும் கரைத்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ் மேல் நாள்தோறும் வழிகிறது. உப்புக்காற்று எல்லா வண்டிக்கும் பொது. மீன் வண்டிக்கு மட்டும் மேலிருந்தும் உப்புநீர் இறங்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயர் சேசிஸில் முடுக்கப்பட்ட இடமும், இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் தடித்த எர்த் வயரும் பல வண்டிகளில் அந்தத் தண்ணீர் வழியும் பாதையிலேயே இருக்கின்றன.

மண்டபத்தில் இப்படி நின்றுகொண்டிருந்த ஒரு மீன் வண்டியின் எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தபோது, வெளியுறை கறுப்பாக, விரிசல் இல்லாமல் நன்றாகவே இருந்தது. வயர் முனையில் முடுக்குவதற்காக உள்ள உலோக வளையமான லக்கும் இறுக்கமாக இருந்தது. லக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி உறையைப் பிளேடால் கீறினோம். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, இடையிடையே பச்சைத் தூளாகி, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தன. நிறம் மாறாத இழைகள் ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. அந்த வண்டி அதுவரை ஓடியது அந்த மிச்ச இழைகளின் வழியாகத்தான். குலுங்கும்போதும் சூடேறும்போதும் அவை தொட்டும் தொடாமலும் இருந்ததால்தான் வண்டி நின்றதும், ஆறியபின் ஓடியதும். லக்கின் திறந்த வாயில் ஏறிய உப்புநீர், இழைகளுக்கு நடுவே ஊறி உறைக்குள் வெகுதூரம் போய்விடுகிறது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மல்ட்டிமீட்டரை வைத்து "12 வோல்ட் வருகிறது, வயர் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதும் இங்கே போதாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது. ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அதன் வழியாக முழு வோல்ட்டேஜும் காட்டிவிடும். ஆகவே லோடு கொடுத்துச் சோதிக்க வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துக்கொண்டால் போதும். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். முதலில் பேட்டரியில் நேராக வைத்து அது எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் ரிலே வழியாக வரும் ஃபியூஸில் கரண்ட் வெளியேறும் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வைத்து, சாவியை ஆன் செய்து, வயரிங் கட்டைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தாலோ சிமிட்டினாலோ குறை அந்தப் பாதையில் இருக்கிறது. இந்தச் சோதனையைக் கரண்ட் கொடுக்கும் தடித்த வயர்களில் மட்டுமே செய்ய வேண்டும். சென்சாருக்குப் போகும் வயர்கள் 5 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றில் பல்பை வைத்தால் கம்ப்யூட்டரே கெட்டுப்போகலாம்.

எர்த்தைச் சோதிக்க மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள். லக்கின் மேல் வைக்காதீர்கள். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் வயரையோ முடுக்கிய இடத்தையோ சரிசெய்ய வேண்டும். புதிய எர்த் வயர் போடும்போது, சேசிஸில் அந்த இடத்தைத் துருவும் பெயின்ட்டும் போக உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, முடுக்கி, அதன் பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஜெல்லியைத் தடவிவிட்டு முடுக்குவதைவிட இதுவே நல்லது.

எர்த் சரியாக இருந்தால் அடுத்தது மெயின் ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட வேறொரு ரிலே, ஹாரனுக்கோ விசிறிக்கோ, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ரிலேயைப் பிடுங்கும்போது அதன் கால்களையும் சாக்கெட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள்; பச்சைக் களிம்போ கருகிய நிறமோ இருந்தால் ரிலேயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது என்பது கிராங்க் சென்சாரையும் சுட்டுகிறது. அதன் உள்ளே இருக்கும் சுருளில் முறிவு இருந்தால், இன்ஜின் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். வண்டி நின்ற நிலையில், சென்சார் மேல் ஈரத்துணி போட்டுச் சில நிமிடங்களில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன் அதன் கப்ளரை, அதாவது வயரை இணைக்கும் பிளக்கை, கழற்றி உள்ளே பாருங்கள். இந்தக் கடற்கரையில் சென்சாரைவிடக் கப்ளர் முன்னதாகக் கெடுவதே அதிகம்.

எலக்ட்ரீசியன்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெஸ்ட் லேம்ப்பின் ஊசியால் வயர் உறையைக் குத்திப் பார்க்கும் வழக்கத்தை இந்தப் பகுதியில் விட்டுவிட வேண்டும். உள்நாட்டு ஊர்களில் அந்தத் துளையால் தீங்கு நேரப் பல ஆண்டுகள் ஆகலாம். இங்கே ஒரு வாடைக்காலம் போதும், அந்த ஊசித்துளை வழியாக உப்புநீர் இறங்கி அடுத்த குறை அதே இடத்தில் தொடங்கிவிடும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளப்பது சற்றுக் கூடுதல் வேலைதான், ஆனால் அதுவே சரியான முறை.

கேள்வி: பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டி இப்படி நின்றுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வேன் ஓட்டுநர், இராமேஸ்வரம்

பதில்: காரணம் தேடுவதை அங்கே செய்யக்கூடாது. இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் (வெற்றிட) பம்பும் நின்றுவிடும். வாக்குவத்தால் இயங்கும் பிரேக்கில், மிச்சமிருக்கும் வாக்குவத்தைக் கொண்டு ஓரிரு முறைதான் பிரேக் எளிதாகப் பிடிக்கும். அதன் பிறகு முழுப்பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீரான அழுத்தத்தில் பிடியுங்கள். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் இருந்தால் வண்டியின் ஓட்டத்திலேயே இடது ஓரமாக முடிந்தவரை கீழே கொண்டுவந்துவிடலாம். ஏற்றத்தில் நின்றுவிட்டால் கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, பயணிகளை நடைபாதைக்கு ஏற்றிவிடுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை என்பதால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். ஒரு முறை இப்படி நின்ற வண்டியைக் காரணம் தெரியாமல் மறுபடி பயணிகளோடு பாலத்தில் ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. பம்பு பழைய வகை. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லை. ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகும் வழியில் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு இழுவை குறைந்து விக்கி விக்கி நின்றுவிடும். கைப்பம்பை அடித்தால் மறுபடி ஓடும். ஏர் பிடிக்கிறது என்று சொல்லி வாஷர்களையெல்லாம் மாற்றியும் குறை போகவில்லை.
– ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: நீங்கள் விவரிப்பது தெளிவாக டீசல் பக்கத்துக் குறை. கைப்பம்பை அடித்ததும் ஓடுகிறது என்பதை வைத்து ஏர் பிடிக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அது பாதி உண்மையாக மட்டுமே இருக்கலாம். டீசல் பாதை அடைத்திருந்தாலும் கைப்பம்பு அடிக்கும்போது கொஞ்சம் டீசல் வந்து சேர்ந்து, வண்டி சிறிது தூரம் ஓடத்தான் செய்யும். காற்று புகுகிறதா, டீசல் வரவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதலில் டேங்க் மூடி. வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. டீசல் வெளியேற வெளியேற, அதன் இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மணலும் உப்பும் சேர்ந்து இந்தத் துளையை அடைப்பது கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் சாதாரணமாக நடப்பது. கொஞ்ச நேரம் ஓடி நிற்பது என்ற உங்கள் அடையாளத்துக்கும் இது பொருந்துகிறது.

மூடி சரியாக இருந்தால், டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற தெளிவான ஹோஸை இணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஓடினால் அதற்கு முன்னால், டேங்க் பக்கத்தில், எங்கோ காற்று புகுகிறது. குமிழே இல்லாமல் ஹோஸ் ஒட்டி நசுங்கினால் அதே டேங்க் பக்கத்தில் அடைப்பு. இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்கே ஓட்டை இருந்தால் காற்றுதான் உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாது. "எங்கும் ஈரமே இல்லை, ஆகவே லீக் இல்லை" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அதற்கும் பிடிபடாவிட்டால், சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, வண்டியில் உறுதியாகக் கட்டி, அதிலிருந்து புதிய ஹோஸை ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்து ஓட்டுங்கள். மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் குழாயையும் கேனுக்கே திருப்பிவிட வேண்டும். வழக்கமாக நிற்கும் தூரத்தைத் தாண்டியும் வண்டி ஓடினால், டேங்கும் அதன் குழாயும்தான் குறை என்று உறுதியாகிவிடும். பம்பும், டீசலைத் தெளிக்கும் நாசிலும் குற்றமற்றவை. நான் இந்தச் சோதனையைப் பெரிதும் மதிக்கிறேன். ஒரு ஹோஸும் கேனும் செலவில், பாதையின் பாதியை ஒரே வீச்சில் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

உங்கள் ஜீப் பழையது என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் நிற்கிறதா? அப்படியென்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேற்பகுதி துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கீழே இறங்கியதும் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும். கடற்கரையில் வெகுகாலம் கிடந்த இரும்பு டேங்குகளில் இதை நிச்சயம் சந்தேகிக்க வேண்டும். குழாயின் அடியில் உள்ள சல்லடையில் துருச்செதில் ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மின்சாரம் உங்கள் வண்டியைப் பொறுத்தவரை ஓர் இடத்தில்தான் குறுக்கிடும்: பம்பில் ஸ்டாப் சோலினாய்டு இருந்தால் மட்டும். பல பம்புகளில் கரண்ட் இருக்கும்வரைதான் அது டீசலைத் திறந்துவிடும். வயர் அறுந்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஆனால் அப்போது விக்காமல் சட்டென்று நிற்கும் என்பதால், உங்கள் குறை அதுவல்ல.

கேள்வி: விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வண்டிகளுக்கும் ஓட்டமில்லை. தடை முடிந்து வண்டியை எடுத்தால், முதல் சில நாள்கள் ஓடிவிட்டு அடிக்கடி நிற்கத் தொடங்குகிறது. ஆண்டுதோறும் இதே கதைதான். ஏன்?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், பாதி டேங்க் டீசலோடு வண்டி கடலோரத்தில் நிற்கிறது. டேங்கின் மீதிப் பாதியில் இருப்பது ஈரக்காற்று. இரவில் அது குளிர்ந்து, டேங்க் சுவரில் நீர்த்துளியாகப் படிந்து, கீழே இறங்கிவிடுகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பும் பழுப்புமாக வழுவழுப்பான பாசிபோன்ற ஒன்று உண்டாகும். வண்டி நிற்கும்வரை அது அடியில் கிடக்கிறது. ஓடத் தொடங்கிக் குலுங்கியதும் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கிறது. முதல் சில நாள்கள் ஓடிப் பிறகு நிற்பது இதனால்தான்.

இரவு முழுதும் நின்ற வண்டியை அதிகாலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு பிடித்து, அசைக்காமல் ஓரிடத்தில் வையுங்கள். நல்ல டீசலானால் பாட்டிலுக்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கலாம். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப்படலமாகப் பிரிந்து, பாட்டிலைச் சாய்க்கும்போது கோடு போட்டதுபோல் நகரும்; இரண்டுக்கும் நடுவே பாசி நூல் நூலாகத் தொங்கும். அதைக் கண்டுவிட்டால் ஃபில்டரை மட்டும் மாற்றி ஓட்ட வேண்டாம். டேங்கை இறக்கிக் கழுவி உலர்த்தி, புதிய டீசல் ஊற்றி, புதிய ஃபில்டர் போட்டு, சிறிது காலம் ஓட்டிய பின் அந்த ஃபில்டரையும் ஒரு முறை மாற்றிவிடுங்கள். காமன் ரெயில் வண்டியில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஹை பிரஷர் பம்புக்கும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு எண்ணெய். தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும்.

தடைக்காலத்துக்கு முன் டேங்கை முழுதும் நிரப்பி நிறுத்துங்கள். ஈரக்காற்றுக்கு இடமே இராது. திறந்து மூடிய பழைய கேன்களில் வைத்திருந்த டீசலை ஊற்றாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறையாவது சார்ஜ் செய்யுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.0 என்றால் ஏறக்குறைய வற்றிவிட்டது.

கேள்வி: வண்டி அடிக்கடி நின்றதால் ஸ்கேனர் போட்டார்கள். "பி 0087" என்று வந்தது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரிய தொகை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: அந்த எண் சொல்வது, ரெயில் எனும் பொது டீசல் குழாயில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை என்பதை மட்டுமே. ஏன் இல்லை என்று அது சொல்லவில்லை. டேங்க் சல்லடை அடைத்திருந்தாலும், ஃபில்டரில் அழுக்கு சேர்ந்திருந்தாலும், காற்று புகுந்தாலும், ஹை பிரஷர் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டாலும், அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் கப்ளரில் களிம்பு ஏறியிருந்தாலும், இன்ஜெக்டர் கசிந்தாலும் அதே எண்தான் வரும். இதேபோல் "பி 0335" என்று வந்தால் அது கிராங்க் சென்சாரின் சுற்றில் குறை என்று பொருள். சென்சாரே கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

இன்ஜெக்டர் மீது சந்தேகம் என்றால் ரிட்டன் சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாக நிறைந்திருந்தால் அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை விட்டுவிடுகிறது. மற்ற மூன்றையும் உடன் மாற்றும்படி சொல்ல அதில் காரணமில்லை. நான்கும் சமமாகவும் குறைவாகவும் இருந்தால் குறை வேறிடத்தில். இந்தச் சோதனை செய்யாமல் இன்ஜெக்டர் விலை சொல்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது உங்கள் உரிமை.

இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் குழாயின் நட்டை ஒருபோதும் தளர்த்தக்கூடாது. பழைய ஜீப்பில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்துப் பழகிய கைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐடிலிங்கிலேயே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பல இன்ஜின்களில் மேல் எல்லை 1600 பாரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். அப்படி நேர்ந்தால் "சின்னக் காயம்தானே" என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

கேள்வி: வாரந்தோறும் சேசிஸை நன்றாகக் கழுவுகிறேன். ஆனாலும் கப்ளர்களில் களிம்பு ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவுவது உப்பை இடம் மாற்றுவது மட்டுமே. நல்ல தண்ணீர் குறைவாகக் கிடைத்தாலும், கடைசியாக ஒரு முறை அதில் அலசி விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன்னை ஃபியூஸ் பெட்டிக்கும் கப்ளர்களுக்கும் நேராகப் பிடிக்க விடாதீர்கள். ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். பேட்டரி கம்பங்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். கப்ளர்களுக்கு, மின்சாரப் பொருள் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, நன்றாக உலர்ந்த பின், ரப்பர் சீலின் விளிம்பில் சிலிகான் கிரீஸை மெல்லிதாகத் தடவி மூடுங்கள். இதை வாடை தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே செய்துவிட வேண்டும். மழை இறங்கிய பிறகு திறந்தால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே மூடிவிடுவீர்கள்.